கடலோடு போன இரயில் பாதைகளும் காகிதத்தில் நிற்கும் சித்திரங்களும்

சென்னைக் கடற்கரை நிலையத்தில் ஏறி எண்ணூர்ப் பக்கம் செல்லும் மின்சார இரயிலில் அமர்ந்திருப்போர், அடுத்த நிலையமான ராயபுரம் வந்ததும் நிமிர்ந்து பார்ப்பது அரிது. துறைமுகத்துக்குப் போகும் தொழிலாளரும், மீன்கூடை சுமந்த பெண்களும், திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளுக்கு விரைவோருமாக அந்தப் பெட்டி எப்போதும் நிறைந்தே இருக்கும். ஆயினும் அங்கே வரிசையாகத் தூண்கள் தாங்கி நிற்கும் அந்தப் பழங்கட்டடம், இந்திய நாட்டில் இன்றளவும் எஞ்சியிருக்கும் இரயில் நிலையக் கட்டடங்களுள் மிகப் பழையது. பம்பாயிலிருந்து தானாவுக்கு 1853-இலும், ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு 1854-இலும் வண்டி ஓடியது உண்மையே. ஆனால் அந்த முதல் நிலையங்களின் கட்டடங்கள் இன்றில்லை. ராயபுரம் நிற்கிறது.

1856 ஜூன் 28-ஆம் நாள் ஆளுநர் ஹாரிஸ் பிரபு இதனைத் திறந்து வைத்தார். ஜூலை முதல் நாளிலிருந்து ராயபுரத்துக்கும் ஆர்க்காட்டை அடுத்த வாலாஜா ரோட்டுக்கும் இடையே, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவுக்கு, பொதுமக்களுக்கான வண்டி ஓடத் தொடங்கிற்று. அந்நாளில் நிலையத்துக்கும் கடலுக்கும் இடையே இன்றுள்ள துறைமுகச் சுவர்களோ சரக்குக் கூடங்களோ கிடையா. இதனை நாம் எவ்வாறு அறிகிறோம்? அக்காலத்து அச்சுச் சித்திரங்களே நமக்குச் சாட்சி. 1856-ஆம் ஆண்டிலேயே லண்டனிலிருந்து வெளிவந்த 'இல்லஸ்டிரேட்டட் லண்டன் நியூஸ்' வார இதழ் ராயபுரத்துத் திறப்பு விழாவைப் படமாக அச்சிட்டிருக்கிறது.

அந்தப் படத்தின் மூலத் தாளை நான் முதன்முதலில் கண்டது திருவொற்றியூரில் ஓர் அன்பரின் வீட்டுச் சுவரில். தொழிற்சாலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். கடற்கரையை ஒட்டி ஓடிய இரயில் பாதைகளின் பழஞ்சித்திரங்களைச் சேர்ப்பதே அவருக்குப் பொழுதுபோக்கு. தபால்தலை சேர்ப்போரையும் நாணயம் சேர்ப்போரையும் நாம் அறிவோம். இதுவோ நம்மவர் அதிகம் அறியாத ஒரு துறை.

பெட்டிக்குள் தொங்கிய படங்கள்

இச்சேகரிப்பின் தாயகம் இங்கிலாந்து. அந்நாட்டு இரயில் பெட்டிகள் முன்னாளில் சிறு சிறு அறைகளாகத் தடுக்கப்பட்டிருந்தன. எதிரெதிரே இரண்டு இருக்கைகள், இருக்கைக்கு மேலே சாமான் தட்டு, இவ்விரண்டுக்கும் இடையே ஒரு குறுகிய பலகை. எதிரில் அமர்ந்திருப்பவரின் முகத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பது யாருக்கும் சங்கடந்தானே! 1880-களிலேயே கம்பெனிகள் அந்தப் பலகையில் கண்ணாடிச் சட்டமிட்ட புகைப்படங்களைப் பொருத்தத் தொடங்கிவிட்டன. பின்னாளில் தேர்ந்த ஓவியர்களைக் கொண்டு நீர்வண்ண ஓவியங்கள் தீட்டுவித்து, அவற்றை அச்சிட்டு மாட்டினர். லியோனார்டு ஸ்குவிரல், ஜாக் மெரியட் போன்றோர் வரைந்த இயற்கைக் காட்சிகளும், ஹாமில்டன் எல்லிஸ் வரைந்த பழங்கால இரயில் காட்சிகளும் இன்றும் சேகரிப்போரால் தேடப்படுகின்றன. உயரம் குறைந்து அகலம் மிகுந்திருப்பது இப்படங்களின் அடையாளம். அந்தப் பலகையின் அளவுக்கு வெட்டப்பட்டவை அல்லவா?

படங்களில் பெரும்பான்மை கடற்கரை ஊர்கள். விடுமுறைக்கு மக்களை ஈர்ப்பதே கம்பெனிகளின் நோக்கம். அறைத்தடுப்புப் பெட்டிகள் ஒழிந்து திறந்த பெட்டிகள் வந்தபோது, படம் மாட்டிய பலகைக்கு வேலை இல்லாமல் போயிற்று. பெட்டிகளை உடைக்குமுன் தொழிலாளர் திருகாணியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனவையும், பொருத்தப்படாமலே கிடங்குகளில் தங்கியவையுமே இன்று எஞ்சியிருக்கின்றன.

அதே காலத்தில் பாதைகளும் மறைந்தன. 1963-இல் வெளியான டாக்டர் பீச்சிங்கின் அறிக்கையைத் தொடர்ந்து, வருவாய் தராத கிளைப் பாதைகள் பல மூடப்பட்டன. வடகடலின் ஓரமாக ஸ்கார்பரோவிலிருந்து விட்பிக்குச் சென்ற அழகிய பாதை 1965 மார்ச்சில் மூடப்பட்டது. நம் தனுஷ்கோடிப் பாதையைக் கடல் கொண்டது 1964 டிசம்பரில். மூன்றே மாத இடைவெளி! அங்கே கணக்குப் புத்தகம் செய்ததை இங்கே கடல் செய்தது. இங்கே அது உயிர்களையும் சேர்த்துக் கொண்டு போயிற்று என்பதுதான் வேறுபாடு.

இவ்விடத்தில் ஒரு செய்தி. இல்லத்தில் படம் மாட்டலாமா என்னும் ஐயம் நம் தாய்மார்கள் சிலருக்கு எழக்கூடும். படம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்துகொள்ளுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவுரை கூறியதாக புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். பாலமும் கடலும் கலங்கரை விளக்கமும் அந்த வரம்புக்குள் அடங்குபவை. மனித உருவங்கள் உள்ள படங்களைச் சுவரில் மாட்டாமல் பெட்டியில் வைத்துக்கொள்வோரும் உண்டு. அவரவர் நம்பும் ஆலிம்களைக் கேட்டுக்கொள்வது நலம்.

நம் கரையின் பாதைகள்

இழந்த கடற்கரைப் பாதைகள் என்றதும் தமிழர் நெஞ்சில் முதலில் வருவது தனுஷ்கோடி. சென்னையிலிருந்து கொழும்புக்குச் செல்வோர் முற்காலத்தில் தூத்துக்குடி வரை இரயிலில் சென்று, அங்கிருந்து கப்பலேறினர். 1914 பிப்ரவரி 24-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின் வழி மாறிற்று. 145 தூண்களின் மேல் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த நீளத்தில் கடலைக் கடந்த அப்பாலம், கப்பல்கள் போகும்போது நடுவே இரு கைகளையும் உயர்த்துவதுபோல் திறந்துகொள்ளும். எழும்பூரில் ஏறியவர் மறுநாள் தனுஷ்கோடித் துறையில் இறங்குவார். இரயிலின் பக்கத்திலேயே கப்பல் காத்து நிற்கும். 'இர்வின்', 'கோஷன்' என்னும் கப்பல்களின் பெயர்கள் அந்தத் தலைமுறையினருக்கு அண்டை வீட்டாரின் பெயர்கள் போன்றவை. ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடலைத் தாண்டினால் தலைமன்னார். அங்கே கொழும்பு இரயில். சென்னையில் வாங்கிய ஒரே பயணச்சீட்டு கொழும்பு வரை செல்லும். இதுவே மக்கள் வழக்கில் 'போட் மெயில்'.

கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம், இராமநாதபுரத்துச் சிற்றூர்கள் எனச் சபர் போன நம் குடும்பங்களில், இந்த வண்டியில் ஏறாத முன்னோர் இருந்தனரா என்பதே ஐயம். மண்ணடியிலும் ராயபுரத்திலும் குடியேறிய வீடுகளில் 'கொழும்புப் பெட்டி' என்று ஒரு டிரங்குப் பெட்டி இருந்ததற்கும் இதுவே காரணம்.

இராமேஸ்வரத்தில் பிறந்து நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்த மர்ஹூம் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள் தம் வாழ்க்கை வரலாற்றில் இப்பாதையைக் குறித்து ஒரு செய்தி சொல்கிறார். இரண்டாம் உலகப் போரின்போது இராமேஸ்வரத்தில் இரயில் நிற்பது நிறுத்தப்பட்டது. செய்தித்தாள் கட்டுகளை இராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடும் வண்டியிலிருந்து வீசுவார்கள். அவற்றைப் பொறுக்குவதற்கு உறவினர் சம்சுதீனுக்குத் துணையாகச் சென்றதே, சிறுவன் கலாமுக்குக் கிடைத்த முதல் சம்பாத்தியம்.

1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயலில், பாம்பனிலிருந்து புறப்பட்ட 653-ஆம் எண் பயணி வண்டி தனுஷ்கோடியை நெருங்கும் வேளையில் அலைகளால் விழுங்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தனர். ஊரும் அழிந்தது, துறையும் அழிந்தது. பாம்பன் பாலத்தை மட்டும் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் இரண்டு மாதத்துக்குள் சீர்செய்துவிட்டனர். தனுஷ்கோடிக்கு மீண்டும் பாதை அமைக்க 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்டும், தண்டவாளம் இடப்படவில்லை. 1914-இன் பாலத்திலும் 2022 டிசம்பரோடு வண்டி நின்றுவிட்டது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதுப் பாலத்தில் இப்போது இராமேஸ்வரம் வண்டிகள் ஓடுகின்றன. அக்கரையில் தலைமன்னார்ப் பாதை உள்நாட்டுப் போரில் 1990-இல் அழிந்து, 2015-இல்தான் மறுபடி உயிர் பெற்றது.

தனுஷ்கோடியின் பெயரொலியில் மறக்கப்பட்ட சிறு பாதைகளும் உள. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926-இல் போடப்பட்ட பாதை 1986-இல் மூடப்பட்டது. 1898-இல் தொடங்கிய பேரளம்–காரைக்கால் பாதை 1987-இல் நின்று, நெடுங்காலம் முட்புதராய்க் கிடந்து, அண்மையில் அகலப் பாதையாக மறுபடி அமைக்கப்பட்டுள்ளது. 1900-இல் சென்னை ஹிக்கின்பாதம்ஸ் வெளியிட்ட தென்னிந்திய இரயில்வேயின் படவழிகாட்டி நூல், பேரளம்–காரைக்கால் பாதையையும் மாயவரம்–முத்துப்பேட்டைப் பாதையையும் தலைப்பிலேயே தாங்கி வந்தது. அந்நூலின் படத்தாள் ஒன்று கிடைத்தாலும் சேகரிப்போர் விடமாட்டார்கள்.

வடசென்னையில் மறைந்தது சற்று வேறானது. பாதை இருக்கிறது, கரைதான் போய்விட்டது. 1875-இல் அடிக்கல் நாட்டப்பட்ட துறைமுகத்தின் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே கடல் அடித்துச் செல்லும் மணலைத் தடுத்தன. அதனால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. இன்று அங்கே மணலுக்குப் பதில் கருங்கற் குவியல்களையே காண்கிறோம். ராயபுரத்தின் பழஞ்சித்திரத்தை வைத்திருப்பவர், ஓர் இரயில் நிலையத்தோடு தொலைந்துபோன ஒரு கடற்கரையையும் சேர்த்து வைத்திருக்கிறார்.

அசலும் நகலும்

நம் பாதைகளின் சித்திரங்களைத் தேடுவோர் நான்கு இடங்களில் தேட வேண்டும்: பழைய ஆங்கில வார இதழ்களின் தாள்கள், இரயில்வே வழிகாட்டி நூல்களின் படத்தாள்கள், 1920-களிலும் 30-களிலும் இந்திய இரயில்வேக்கள் சுற்றுலாவுக்காக அச்சிட்ட சுவரொட்டிகள், படத் தபாலட்டைகள். சுவரொட்டிகளை நம்மைப் போன்றோர் நினைத்துப் பார்க்க வேண்டா. அவை ஏலக் கூடங்களில் பெருந்தொகைக்குப் போகின்றன. தபாலட்டைதான் எளியவரின் சேகரிப்பு. சென்னையில் வீலி அண்டு கிளைன், ஹிக்கின்பாதம்ஸ், ஸ்பென்சர் முதலியோரும், கொழும்பில் பிளாட்டே கம்பெனியாரும் இவற்றை வெளியிட்டனர். அக்காலத்து அட்டைகள் பல ஜெர்மனியில் அச்சாகி வந்தவை என்பது வியப்புக்குரிய செய்தி.

போலிகளும் மலிந்துவிட்டன. வார இதழ்ப் படம் மரக்கட்டையில் செதுக்கி அச்சிடப்பட்டது. பெரிய படத்துக்குப் பல சிறு கட்டைகளைத் திருகாணியால் இணைத்து, செதுக்குவோர் பலரிடம் பகிர்ந்து கொடுப்பது அக்கால வழக்கம். கூர்ந்து நோக்கினால் அந்த இணைப்புக் கோடுகள் சில இடங்களில் வெண்மையாய்த் தெரியும். தாளைத் திருப்பினால் மறுபுறத்தில் வேறு செய்தியின் அச்செழுத்துகள் இருக்கும். மறுபுறம் வெறுமையாக இருந்தால் ஐயுறுக. பூதக்கண்ணாடியில் பார்க்கையில் கோடுகளுக்குப் பதில் நுண்புள்ளிகள் தென்பட்டால் அது பிற்கால நகல் என்பது உறுதி. அந்த இதழில் அன்று அச்சானது கறுப்பு வெள்ளைப் படமே. வண்ணம் பூசியிருந்தால், அது பின்னாளில் வணிகர் செய்த வேலை. அழகாயிருக்கிறதே என்று அதற்கு மிகுதியாய்ப் பணம் கொடுப்பது பேதைமை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு தாளுக்காக முழுப் புத்தகத்தையும் கிழித்து விற்கும் வணிகர் உளர். அந்தத் தாளை வாங்குபவரும் கிழித்தவருக்குத் துணை போகிறவரே என்பது என் கருத்து. திருவொற்றியூர் அன்பர் இதனை ஒப்புவதில்லை. கிழித்தது கிழிந்துவிட்டது, குப்பைக்குப் போவதற்கு என் சுவருக்கு வரட்டுமே என்பார். இருவரும் இதுபற்றிப் பலமுறை வாதிட்டும் முடிவு கண்டபாடில்லை.

முன்னாளில் சென்னையில் இத்தகைய தாள்களுக்குப் பேரிடம் மூர் மார்க்கெட். சென்ட்ரல் நிலையத்தின் அருகே 1900-இல் திறக்கப்பட்ட அச்சிவப்புக் கட்டடத்தில் பழைய புத்தகக் கடைகள் நிறைந்திருந்தன. 1985 மே 30-ஆம் நாள் அது தீக்கிரையாயிற்று. இன்று அவ்விடத்தில் நிற்பது புறநகர் இரயில் நிலையக் கட்டடம். இரயில் படங்களை விற்ற சந்தையின் மேல் இரயில் நிலையமே எழுந்துவிட்டது! கடைக்காரர்கள் பக்கத்திலுள்ள லில்லி பாண்ட் வளாகத்துக்குப் பெயர்ந்தனர். எனினும் பழைய வளம் மீளவில்லை.

முதுகைப் பார்த்தீரா?

ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் அந்த அன்பரைக் காணச் சென்றிருந்தேன். பழைய காகிதக் கடையொன்றில் கிடைத்ததாக ஒரு படத் தபாலட்டையை என் கையில் கொடுத்தார். தலைமன்னார்த் துறை, பாலம்போல் கடலுக்குள் நீண்ட மேடை, அதன் முனையில் புகை கக்கும் கப்பல். மங்கலான பழுப்பு நிறம். அருமையான படம் என்றேன்.

"படத்தைப் பார்த்தீர்கள், பாய். முதுகைப் பார்த்தீர்களா?" என்றார்.

திருப்பினேன். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் பொறித்த இலங்கைத் தபால்தலை. ஆங்கிலத்தில் முகவரி. அதன் பக்கத்தில் அரபு எழுத்துகளில் நெருக்கமாக எட்டு வரிகள். "உருதா, அரபியா? உங்களுக்குத் தெரியும் என்றுதான் வைத்திருக்கிறேன்" என்றார். எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். எழுத்துகளை அறிவேன். ஆனால் சொற்கள் அரபியாகவும் இல்லை, உருதுவாகவும் இல்லை. சில எழுத்துகளில் வழக்கத்துக்கு மாறான புள்ளிகள் வேறு. சற்று நேரம் கழித்தே விளங்கிற்று. அது அரபுத்தமிழ்.

தமிழை அரபு எழுத்தில் எழுதும் அம்முறையை இன்றைய இளைஞருக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளிகளைக் கூட்டி நம் முன்னோர் அமைத்துக்கொண்ட நெடுங்கணக்கு அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் 'பத்ஹுத் தய்யான்' என்னும் மார்க்க நூலை இம்முறையிலேயே இயற்றினார்கள். பள்ளிக்கூடம் செல்லாத பெண்களும் ஓதப் பழகிய எழுத்தைக் கொண்டே தமிழை எழுதவும் படிக்கவும் வல்லவராயிருந்தனர். கொழும்பில் கடை வைத்திருந்த கணவன் ஊரிலிருந்த மனைவிக்கு எழுதிய கடிதங்கள் பல இவ்வெழுத்திலேயே சென்றன. தபால்காரர் படித்துவிடுவாரோ என்னும் அச்சமும் இல்லை!

எனக்கு அது தடையின்றிப் படிக்க வரவில்லை. ராயபுரத்தில் எண்பது வயது கடந்த என் பெரியம்மா இருக்கிறார். அன்பரின் இசைவோடு அட்டையை அவரிடம் கொண்டு சென்றேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் அருகே நகர்ந்து அமர்ந்தார். படத்தை அவர் பார்க்கவேயில்லை. நேரே எழுத்துக்குப் போனார். முதல் வரியில் ஸலாம். பிறகு, குர்ஆன் ஓதும் அதே இராகத்தின் சாயல் படிந்த குரலில், தூய இராமநாதபுரத்துத் தமிழ்.

எழுதியவர் புதன்கிழமை நலமாகக் கொழும்பு சேர்ந்திருக்கிறார். வண்டியில் உட்கார இடமில்லாமல் மானாமதுரை வரை நின்றுகொண்டே வந்திருக்கிறார். தனுஷ்கோடியில் கப்பலேறுமுன் மணலில் துண்டு விரித்து லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதிருக்கிறார். கடல் அமைதி. மகனை ஓதவைக்க லெப்பையிடம் விட்டாயிற்றா என்று கேட்கிறார். அடுத்த வாரம் ஊர்க்காரர் ஒருவரிடம் துணி கொடுத்து அனுப்புவாராம். கடைசி வரியில் இடமில்லாமல் எழுத்துகள் விளிம்பில் ஏறிப் போயிருந்தன. அங்கே பெரியம்மா சற்றுத் தடுமாறினார். மனைவியின் காய்ச்சல் பற்றிய விசாரணை அது.

அந்த மணல் இப்போது இல்லை. அவர் தொழுத இடத்தின் மேல் கடல் இருக்கலாம். எந்த ஓவியரும் எந்தக் கம்பெனியும் அவரைப் படமெடுக்கவில்லை. சுற்றுலாச் சுவரொட்டிகளும் வழிகாட்டி நூல்களும் முதல் வகுப்புப் பயணிக்காக அச்சிடப்பட்டவை. மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக் காவலில் வைக்கப்பட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்ட ஏழைத் தொழிலாளரும், மூன்றாம் வகுப்பில் நின்றபடி சபர் போன நம் சில்லறை வணிகரும் அவற்றில் இடம்பெறவில்லை. அவர்கள் இருப்பதெல்லாம் அட்டைகளின் முதுகில்தான். வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு அது படத்தைக் கெடுக்கும் கிறுக்கல். சில வணிகர் எழுதப்படாத அட்டைக்கே மிகுந்த விலை வைப்பார்கள்.

என் குடும்பத்துக் கதையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் நன்னா கொழும்பில் முப்பதாண்டுகள் இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் இத்தகைய அட்டைகளும் கடிதங்களும் கட்டுக் கட்டாக இருந்ததை நான் சிறுவனாயிருந்தபோது கண்டிருக்கிறேன். 1970-களில் வீடு மாறியபோது, யாருக்கும் படிக்க நேரமில்லாத அந்தக் காகிதங்களை எடைக்குப் போட்டோம். பெட்டியை வைத்துக்கொண்டோம், அரிசி கொட்டி வைக்க உதவிற்று. அட்டையைப் பெரியம்மா படித்து முடித்தபோது எனக்கு அந்த அரிசிப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது.

வீட்டில் வைத்திருப்போருக்கு

இத்தகைய காகிதம் உங்கள் இல்லத்தில் இருந்தால் முதலில் செய்ய வேண்டியது, அதைப் படிக்கத் தெரிந்த மூத்தவரைக் கொண்டு உரக்கப் படிக்கச் செய்து, தனித்தாளில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வதுதான். இதனை அடுத்த பெருநாளுக்கு என்று தள்ளிவைக்க வேண்டா. சட்டம் போடுவதும் விலை விசாரிப்பதும் பிறகு ஆகட்டும். தபால் முத்திரையையும் கவனியுங்கள். தேதியும் ஊரும் மட்டுமின்றி, இரயிலிலேயே கடிதம் பிரித்த ஆர்.எம்.எஸ். முத்திரை இருந்தால், எந்தப் பாதையில் அது பயணம் செய்தது என்பதும் தெரியவரும்.

வடசென்னையில் காகிதத்துக்குப் பகைவர் பலர். உப்புக் காற்று, கரித்தூள், மழைக்காலத்து ஈரம், இராமபாணப் பூச்சி, கறையான். கடலைப் பார்த்த வெளிச்சுவரில் சட்டம் மாட்டினால் இரண்டே மழையில் தாளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றிவிடும். உட்சுவரே நல்லது. கண்ணாடி தாளின் மேல் ஒட்டாதபடி இடையே ஓர் அட்டை விளிம்பு வைக்கச் சொல்ல வேண்டும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டுவது பெருந்தீங்கு. சில ஆண்டுகளில் அந்தப் பசை மஞ்சளாகித் தாளையே அரித்துவிடும். லேமினேஷன் செய்வது அதனினும் கொடிது. குறிப்பெழுத வேண்டுமாயின் மென்மையான பென்சிலால், ஓரத்தில், சிறியதாக எழுதுக. நம் பாட்டிமார் பெட்டிக்குள் போட்டுவைத்த வசம்பை இன்றும் போடலாம், தாளைத் தொடாமல் துணியில் முடிந்து.

சேகரிக்க வசதியில்லாதவர் பார்த்தாவது மகிழலாம். பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையை அடுத்துள்ள இரயில் அருங்காட்சியகத்துக்கும், திருச்சியிலுள்ள இரயில்வே மரபு மையத்துக்கும் விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். ராயபுரம் நிலையத்தைக் காணவோ ஒரு மின்சார இரயில் பயணச்சீட்டே போதும்.

அட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, பெரியம்மா படித்ததை நான் எழுதி வைத்திருந்த தாளையும் அன்பரிடம் கொடுத்தேன். இருமுறை படித்துப் பார்த்தார். அடுத்த முறை நான் போனபோது சுவரில் ராயபுரத்துச் சித்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு புதுச் சட்டம் இருந்தது. அதற்குள் இருந்தது தலைமன்னார்ப் படம் அன்று. அட்டையின் முதுகுப்புறத்து நகலும், அதன் கீழே அவர் தம் கையால் தமிழில் படியெடுத்த எட்டு வரிகளும். அசல் அட்டை பீரோவில் பத்திரமாக இருக்கிறதாம். லுஹர் என்பதை அவர் 'லுகர்' என்று எழுதியிருந்தார். திருத்தட்டுமா என்றேன். சட்டத்தைக் கழற்றி என்னிடம் பென்சிலைக் கொடுத்தார்.